புள்ளி வைக்காத ஏடு, காலாகிப் போன ரகரம்

வாசகர் கேள்வி, 6 ஜனவரி 2024

ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எ, ஏ இரண்டும் ஒன்று போல இருக்கும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. இப்படி எழுதி வைத்துவிட்டுப் போனவர்களுக்குப் படிக்கிறவன் மேல் அக்கறையே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்று கைப்பேசியில் ஒரு குழந்தைகூடப் புள்ளி பிசகாமல் எழுதுகிறது. கருவி வளர்ந்தால் எழுத்தும் வாசிப்பும் சேர்ந்து வளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

7 ஜனவரி, காலை

வேண்டும். அக்கறை இல்லை என்று சொன்ன இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வைத்தியச் சுவடி இருக்கிறது. தாத்தாவின் அப்பா வைத்திருந்தது. இருபது, இருபத்தைந்து ஏடுகள், இரண்டு பலகைக்கு நடுவே கயிறு கோத்துக் கட்டியது. போன வருஷம்தான் அதைப் பரணிலிருந்து இறக்கி, புல்தைலம் தடவித் துடைத்து, விளக்குக் கரியைக் குழைத்துப் பூசினேன். எழுத்தாணி கீறத்தான் செய்யும். மை ஏற்றுவது பிறகு. அதுவரை வெறும் கீறலாக இருந்த ஏட்டில் எழுத்து எழுந்து வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

எழுத்து தெரிந்தது, ஆனால் படிக்க வரவில்லை. ஓர் இடத்தில் கொம்பு, ப, கால், டி என்று நான்கு வடிவம். ஏட்டில் ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இல்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு இல்லை. ஆகவே அது பொடி, போடி, பெரடி, பேரடி, எதுவாகவும் இருக்கலாம். புள்ளியும் இல்லையா, பட்டியல் இன்னும் நீளும்.

ஓலையில் புள்ளி குத்தினால் ஓட்டை விழும், ஓலை கிழியும், அதனால் விட்டுவிட்டார்கள். எழுதியவர் யாரோ, படிக்கிறவருக்குத் தமிழும் தெரியும், மருந்தும் தெரியும் என்று நம்பி எழுதியிருக்கிறார். ஏடு பாதிதான் சொல்லும். மீதியை வாசிப்பவர் கொண்டு வர வேண்டும். அந்த மீதியை அவர் திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பாடமாக வாங்கியிருப்பார். கருவி எதை விட்டதோ அதை மனிதர் சுமந்தார். இதை அக்கறையின்மை என்று என்னால் சொல்ல முடியாது.

7 ஜனவரி, இரவு

அக்கா மகன் மேலே எழுதியதைப் படித்துவிட்டு அந்த ஏட்டை வாங்கிச் சத்தமாக வாசித்தான்: "சுக்கு, மிளகு, திப்பிலி, போடீ!" வீடே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்காமல், "பொடிடா, மருந்துல வேற என்ன இருக்கும்" என்றார். அவருக்கு ஏடு படிக்கத் தெரியாது. மருந்து தெரியும்.

9 ஜனவரி

ஏன் வைத்தியம், சோதிடம், கணக்கு என்று எல்லாவற்றையும் பாட்டாக எழுதி வைத்தார்கள்? மனப்பாடம் செய்ய வசதி என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். சரிதான். ஆனால் ஏட்டோடு மல்லுக்கட்டத் தொடங்கிய பிறகு எனக்கு இன்னொரு காரணமும் தெரிகிறது. பாட்டு என்றால் ஏட்டில் எழுதாத புள்ளியையும் நெடிலையும் யாப்பு மீட்டுக் கொடுக்கும்.

கொம்பு, ப, கால், து என்று ஒரு சொல் இருக்கிறது என்று வையுங்கள். பொதுவா, போதுவா? எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும், முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும். குறில் என்றால் குறில், நெடில் என்றால் நெடில். முதலடி மாது என்றும் அடுத்த அடி காது என்றும் தொடங்கினால் மூன்றாவது போதுதான். பொது அங்கே நிற்காது. எழுத்தில் இல்லாத தகவல் ஓசையில் இருக்கிறது. எதையும் தின்று அழிக்கும் கரையானுக்குக்கூட எட்டாத இடம் ஓசை.

உரைநடைக்கு இந்தக் காவல் இல்லை.

இன்னொன்று. எங்கள் ஏட்டில் அடிக்கடி கொம்பு, வ, கால் வருகிறது. வோ என்று படித்துத் திணறிக்கொண்டிருந்தேன். தமிழ்ச் சொல் வு, வூ, வொ, வோ என்று தொடங்காது என்று இலக்கணத்தில் படித்தது தலையில் தட்டிய மாதிரி நினைவுக்கு வந்தது. வோ இல்லை என்றால் அது வேர். பக்கம் முழுக்க வேர், வேர், வேர். வைத்தியச் சுவடி அல்லவா! அன்று கல்லூரியில் அந்த விதியைப் பயனில்லாத ஒன்று என்று நினைத்திருந்தேன். அது ஏடு படிக்கிறவருக்குக் கொடுத்த சாவி. இன்று வோல்டேஜும் வோட்டும் வந்துவிட்டன, அந்தச் சாவி இன்றைய எழுத்துக்குச் சேராது.

10 ஜனவரி

திருத்தம். ஓலை கிழியும் என்பதால் புள்ளி விட்டார்கள் என்று முதல் குறிப்பில் அடித்துச் சொன்னேன். நண்பர் ஒருவர் ஒரே கேள்வி கேட்டார்: "கல்லு கிழியுமா?"

கோயில் கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இல்லை. கல்லில் புள்ளி வைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. மெய்க்குப் புள்ளி உண்டு, எகர ஒகரக் குறிலுக்கும் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே விதிக்கிறது. விதி இருந்தது, கருவி தடுக்காத இடத்திலும் எழுதுகிறவர்கள் விட்டார்கள். புள்ளியோடு கிடைக்கிற ஏடுகளும் உண்டு. ஆக, ஓலையை மட்டும் காரணமாகச் சொன்னது என் அவசரம். எழுதுகிறவருக்கும் படிக்கிறவருக்கும் நடுவே 'இது உனக்கே தெரியும்' என்ற ஓர் உடன்பாடு இருந்திருக்கிறது. ஓலை அதற்குத் துணை நின்றது, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்து வட்டமாக இருப்பதற்கும் ஓலைதான் காரணம், நேர்க்கோடு போட்டால் நரம்பு வழியே பிளக்கும் என்று அடிக்கடி சொல்கிறோம். நானும் பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ட, ப இரண்டையும் பாருங்கள். அடியில் படுத்த கோடு, பக்கத்தில் நிமிர்ந்த கோடு, வளைவே இல்லை. இரண்டும் ஓலையில் நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்திருக்கின்றன. ஓலைக்குப் பங்கு உண்டு, முழுப் பொறுப்பும் அதன் தலையில் ஏற்றக் கூடாது.

14 ஜனவரி, போகி

வீடு ஒதுக்கும்போது அப்பாவின் ஸ்டிக் கிடைத்தது. அச்சுக்கோக்கிற இரும்புத் தட்டு. அப்பா கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் முப்பது வருஷம் கம்பாசிட்டர்.

அச்சு வந்ததும் ஏட்டின் குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சானபோது ஏகார ஓகாரத்துக்குத் தனி வடிவம் இல்லை. ஏட்டு வழக்கமே ஈயத்தில் ஏறியது. கொம்பைச் சுழித்து நெடிலைப் பிரித்துக் காட்டிய வீரமாமுனிவர் பிறந்ததே 1680-இல். புதுக் கருவி வந்த உடனே பழைய கண் மாறிவிடுவதில்லை.

ஆனால் அச்சு ஒன்றைச் செய்தது. வாசிப்பவர் தலையில் இருந்த மீதியைக் காகிதத்துக்கு இறக்கியது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஏடுகளை ஒப்பிட்டு, எது குறில் எது நெடில் எது ஒற்று என்று முடிவு செய்து, அடிக்குறிப்பும், ஏட்டுக்கு ஏடு மாறும் பாடங்களைக் காட்டும் பிரதிபேதமும் சேர்த்தார். அவர் தீர்த்த புதிரை நாம் தீர்க்க வேண்டியதில்லை. அப்புறம் 1950-களில் பதிப்பாளர் மர்ரே ராஜம் சங்க நூல்களைச் சந்தி பிரித்து மலிவு விலையில் போட்டார். என்னைப் போன்றவர்கள் சங்கப் பாட்டைத் தனியாக உட்கார்ந்து வாசிக்க முடிந்தது அதனால்தான். அதற்கு முன் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் முடிந்திருக்காது.

அப்பாவிடம் திரும்புகிறேன். அவர் எழுத்தைத் தலைகீழாக, கண்ணாடி பிம்பமாகப் படிப்பார். அப்படிப் படித்தே பழகியதால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் உள்ள கடிதத்தை இந்தப் பக்கத்திலிருந்தே வாசித்துவிடுவார். அம்மாவுக்கு அதில் பெரிய சங்கடம்.

அந்த அச்சகத்தில் எட்டுப் பக்கத்துக்குத்தான் எழுத்து இருந்தது. எட்டுப் பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்துக் கேஸில், அதாவது அறை அறையான எழுத்துப் பெட்டியில், போட்ட பிறகுதான் அடுத்த எட்டு. ஒன்பதாம் பக்கம் எழுதும்போது இரண்டாம் பக்கத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் ஆசிரியர் அதை விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். 'ணை' தீர்ந்துபோய்விட்டது, வேறு சொல் போடலாமா என்று அப்பா கேட்டு, ஒரு புலவர் 'துணை'யை எடுத்துவிட்டு 'உதவி' போட்டுக் கொடுத்தாராம். ஈயத்துண்டு ஒன்று குறைந்ததால் ஒரு சொல் மாறியது. இதைச் சொல்லும்போது அப்பா ஒரு நாளும் சிரித்ததில்லை.

பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதைச் சாமிநாதையர் வருந்தி எழுதியிருக்கிறார். ஸ்டிக்கைத் துடைத்து மேஜை மேல் வைத்திருக்கிறேன். போகிக்குக் கொடுக்கவில்லை.

15 ஜனவரி

'ணை' என்று எழுதியதும் நினைவுக்கு வந்தது. அப்பா கோத்தது துதிக்கை போல் வளையும் பழைய ணை. பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் புதிய வடிவங்களைப் போடத் தொடங்கினார். தமிழ்நாடு அரசு 1978-இல் ணா, றா, னா, ணை, லை முதலான 13 வடிவங்களை ஏற்று ஆணை போட்டது. எழுத்து வகை குறைந்தால் கேஸில் அறை குறையும், தட்டச்சுக்கும் சுலபம். ஆனால் அப்பாவின் முதலாளியால் புது ஈயம் உடனே வாங்க முடியவில்லை. ஒரே கல்யாணப் பத்திரிகையில் மேலே பழைய லை, கீழே புது லை.

அம்மாவின் மளிகைச் சீட்டில் இன்றும் வெல்லத்துக்குக் கீழே துதிக்கையோடு கடலை. எனக்கு அதைப் படிக்கத் தெரியும். அக்கா மகனுக்கு அது ஏடு.

20 ஜனவரி

தட்டச்சு. நான் லோயரும் ஹையரும் முடித்தவன். காலை ஆறு மணி வகுப்பு, இருபது மிஷின் ஒன்றாக ஓடும் சத்தம்.

247 எழுத்தை 50-க்கும் குறைவான விசையில் அடக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா இந்தக் கணக்கைப் போட்டுத் தமிழ்த் தட்டச்சை உருவாக்கினார். புள்ளிக்கு வைத்த விசையை அடித்தால் உருளை நகராது. ஆகவே புள்ளியை முதலில் அடித்து, அதற்குக் கீழே எழுத்தை அடிக்க வேண்டும். வாய் 'க்' என்று சொல்வதற்கு முன் விரல் புள்ளியைப் போட்டிருக்கும். கொ என்றால் கொம்பு, க, கால். காதுக்கு ஓர் ஒலி, விரலுக்கு மூன்று அடி.

ஆறு மாதத்தில் என் தமிழ் ஒலியிலிருந்து உருவத்துக்கு மாறியது. பேச்சின் நடுவே யாராவது 'போகிறோம்' என்றால் மனதில் இரட்டைக் கொம்பு முதலில் வந்து நிற்கும். இது குறை என்று சொல்லவில்லை. ஏடு எழுதியவர் கையும் இப்படித்தான் கொம்பிலிருந்து போயிருக்கும்.

21 ஜனவரி

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. இதைத்தான் இத்தனை நாளும் சொல்ல வந்தேன் என்று இப்போது படுகிறது.

தட்டச்சிலிருந்து டிடிபிக்கு, கணினியில் பக்கம் கோக்கும் வேலைக்கு, போனேன். பாமினி எழுத்துரு. கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. தமிழ் என்று நான் அடித்தால் அது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கிலமாகச் சேமித்துக்கொள்ளும். எழுத்துரு என்ற சட்டையைப் போட்டால் தமிழ், கழற்றினால் குப்பை. அந்த எழுத்துருவில் ர் வேண்டும் என்றால் காலை அடித்துப் புள்ளி வைப்போம். பார்க்க ர் போலவே இருக்கும். அச்சில் ர், ரி, ரீ மூன்றுக்கும் கீழ்ச் சாய்கோடு இல்லாமல் போடும் வழக்கம் இருந்ததால் யாருக்கும் உறுத்தவில்லை.

2003-இல் எங்கள் தெருவைப் பற்றி அப்பா சொல்லச் சொல்ல நூறு பக்கம் அடித்து வைத்தேன். அவர் போன பிறகு, 2016-இல், அதை யூனிகோடுக்கு, கணினி தமிழைத் தமிழ் என்றே அறியும் முறைக்கு, மாற்றினேன். மாற்றித் தந்த நிரல் காலைக் காலாகவே எடுத்துக்கொண்டது. அடுத்த வாரம் பெரியப்பா பெயரைத் தேடினேன், இல்லை என்றது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, தேடினால் இல்லை. 'அவர்கள்' என்று தேடினேன். நூறு பக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்றது. அப்பாவின் குரலைத் தொலைத்துவிட்டேன் என்றே பயந்துவிட்டேன். இரண்டு இரவு கழித்துத்தான் புரிந்தது, எல்லா ர்-உம் காலும் புள்ளியுமாகக் கிடந்தது.

கால் மேல் புள்ளி என்பது தமிழில் கிடையவே கிடையாது. அதனால் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் ர் ஆக்கினேன், தப்பே வரவில்லை. அந்தத் துணிச்சலில் அடுத்ததையும் செய்தேன். ஔகாரக் குறியின் வலப்பக்கம் ளகரம் மாதிரியே இருப்பதால் பல இடத்தில் கௌ என்பதைக் கொம்பு, க, ள என்று அடித்து வைத்திருந்தேன். 'கெள' எங்கே இருந்தாலும் 'கௌ' ஆக்கு என்றேன். அப்பா காவிரியில் மீன் பிடித்த கதையில் இருந்த கெளுத்தி மீன் எல்லாம் உருக்குலைந்தது. ஒவ்வொரு கெளுத்தியாகக் கையால் மீட்டேன்.

இன்றும் இணையத்தில் காலும் புள்ளியுமாக எழுதிய 'அவர்கள்' நிறையக் கிடக்கிறது. கண் கடந்து போய்விடும், தேடினால் கிடைக்காது.

22 ஜனவரி

ஏட்டில் காலும் ரகரமும் ஒன்று. மனிதர் பிரித்துப் படித்துக்கொண்டார். நானூறு வருஷ அச்சு இரண்டையும் பிரிக்கப் பாடுபட்டது. கணினியில் மறுபடி ஒன்றாகக் கலந்தது, இந்தத் தடவை வாசிப்பது மனிதர் மட்டும் இல்லை. தேடும் பொறிக்கு மருந்து தெரியாது, எதுகை தெரியாது.

28 ஜனவரி

ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழ் வரவைக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் அடிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அடித்துப் பார்த்தேன், நாலு வருஷம். பெரிய எல் போட்டால் ள, இசட் போட்டால் ழ. வேகம் வந்தது. ஆனால் அக்கா மகனுக்கு ழகரம் இசட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 'பழம்' எழுதச் சொன்னால் மனதுக்குள் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறான். எனக்கு அது வலித்தது.

அதற்குப் பிறகு தமிழ்99 பழகினேன். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற விசைப்பலகை. உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. முதல் நாள் த, ந, த, ஐ என்று அடித்தேன். திரையில் தந்தை. அ, ம, ம, ஆ அடித்தேன், அம்மா. புள்ளி நான் வைக்கவில்லை. நகரத்துக்குப் பின் தகரம் வந்தால் ந் ஆகும், ஒரே எழுத்து இரண்டு தடவை வந்தால் முதலாவது ஒற்றாகும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

ஏட்டில் 'தநதை' என்று இருப்பதைத் தந்தை என்று படித்த மனிதரின் அறிவு அது. அதை விசைப்பலகைக்குள் வைத்தவர்களுக்குத் தமிழின் ஓசை நன்றாகத் தெரிந்திருக்கிறது. என் விரல் இப்போது ஏடு எழுதுகிறது, பெட்டி அதை வாசித்துக் காட்டுகிறது. எனக்கு இதில் மனம் நிறைந்த மகிழ்ச்சி.

3 பிப்ரவரி

மகிழ்ச்சி என்று எழுதினேன், ஆறு நாளாக உறுத்துகிறது.

கைப்பேசியில் எழுதும்போது மேலே மூன்று சொல் வந்து நிற்கிறது. போன மாதம் நான் அனுப்பிய இரங்கல் செய்திகளைத் திரும்பப் பார்த்தேன். ஐந்தும் ஒரே வாக்கியம். ஐந்து பேரும் எனக்கு வெவ்வேறு விதமாக வேண்டியவர்கள். அவர்களில் ஒருவர் எனக்கு நீச்சல் கற்றுக் கொடுத்தவர். ஈயம் தீர்ந்ததால் 'துணை' போய் 'உதவி' வந்தபோது புலவருக்கும் அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது, மனதில் நின்றது. எனக்கு என் சொல் போனதே தெரியவில்லை.

அம்மா இப்போது பேசியே எழுதுகிறார். கண் சரியில்லை, அவருக்கு அது வரம். ஆனால் 'அதைப் பார்' என்று சொன்னால் 'அதை பார்' என்று வருகிறது, ஒற்று போய்விடுகிறது. அதைப் படித்துப் பழகிய பையனுக்கு ஒற்று இருந்தால்தான் கண்ணுக்கு அதிகப்படியாகத் தெரிகிறது. புள்ளி விடுபட்ட ஏட்டில் ஒற்று வாயில் இருந்தது. இங்கே வாயிலும் இல்லாமல் போகும் என்று எனக்குப் பயம்.

முதல் நாள் கேள்வி கேட்டவருக்கு: நீங்கள் சொன்ன அந்தக் குழந்தை புள்ளி பிசகாமல் எழுதுகிறது, உண்மை. ஒரு தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொல்லிப் பாருங்கள். நான் பார்த்தேன். அக்கா மகன் 'கண்ணாடி'க்கு எந்த ன என்று என் முகத்தைப் பார்த்தான். அன்றிலிருந்து இருவரும் தினம் ஒரு பக்கம் கையால் எழுதுகிறோம்.

11 பிப்ரவரி

அந்தப் பொடி இருந்த ஏட்டை மறுபடி எடுத்தேன். ஏட்டில் பாட்டை அடி பிரித்து எழுத மாட்டார்கள், ஓலை முடியும் வரை ஓடும். அதனால் அந்தச் சொல் அடியின் நடுவில் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். இன்று நானும் அக்கா மகனும் உட்கார்ந்து சீர் எண்ணிப் பிரித்தோம். முதலடி 'வடி' என்று தொடங்குகிறது. இரண்டாமடி 'கடி'. அப்படியானால் மூன்றாமடியின் தொடக்கம் குறில். பொடிதான், ஐயமே இல்லை. பையன் தன் போடியை மனசே இல்லாமல் விட்டுக்கொடுத்தான்.

நான்காமடி ஓலையின் இடது ஓரத்தில் தொடங்குகிறது. அந்த ஓரம் பூச்சி அரித்துப் போயிற்று. முதலெழுத்து இல்லை. மிச்சம் இருப்பது 'டிததிடு வெநநீரில'. 'பிடித்திடு' என்றான் பையன். 'இடித்திடு' என்றேன் நான். அடுக்களையில் இருந்த அம்மா, "பொடி பண்ணியாச்சே, இனிமே என்னத்தை இடிக்கிறது? வெந்நீர்னா குடிதான்" என்றார்.

நோட்டில் பென்சிலால் 'குடித்திடு' என்று எழுதி, குகரத்தை மட்டும் பகர அடைப்புக்குள் போட்டிருக்கிறேன்.